நாடகம் செய்தவர்

கேரளாவிலிருந்து திரும்பும் வழியில், புளியறை சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றபோது சாகுல் சாரின் மகன் போனில் பேசினான். "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க." நான் தென்காசியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உடலைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போக ஆயத்தமாயிருந்தார்கள்.

உங்களில் பலர் அவரை ஆங்கில வாத்தியாராக அறிவீர்கள். வளைகுடாவில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பி, நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் சேர்ந்தவர். சீசனில் குற்றாலத்தில் நாடகம் போடும் எங்கள் சின்னக் குழுவுக்கு அவர்தான் எல்லாம்.

முதல் நாடகத்தின் நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் 'எழுதியவர்' என்று நான் போட்டிருந்ததை அவர் அடித்துவிட்டு 'செய்தவர்' என்று மாற்றினார். நாடகம் என்ன அல்வாவா சார் என்று கேலி செய்தேன். ஆங்கிலத்தில் நாடகாசிரியருக்குப் பிளேரைட் என்று பெயர். அதன் பின்பாதியான 'ரைட்'டுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை, கைவேலையால் ஒன்றை உண்டாக்குகிறவனை அப்படித்தான் அழைத்தார்கள் என்றார். வண்டிச் சக்கரம் செய்தவனுக்கும் கப்பல் கட்டினவனுக்கும் அதே பெயர்தானாம். "சக்கரம்னா ஓடணும், கப்பல்னா மெதக்கணும் டீச்சர். பாக்க அழகா இருந்து என்ன செய்ய?" நம்மிலும் பாட்டுக் கட்டுவது, கூத்துக் கட்டுவது என்றுதானே சொல்கிறோம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். தோற்றாலும் கௌரவமாகத் தோற்க வேண்டுமே.

சொன்னதோடு விடுகிற ஆள் இல்லை. தண்ணீர் விழத் தொடங்கியதும் எங்களை அருவிக்கரைக்குக் கூட்டிப்போவார். நடிப்பவர் ஒரு பக்கம் நின்று வசனத்தைச் சொல்ல வேண்டும். அவர் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். கேட்டால் கையைத் தூக்குவார். கை எழும்பாத வசனத்தைப் பேனாவால் அடித்துவிடுவார். நான் ஆசை ஆசையாய்ப் பேசிய வசனங்கள் எத்தனையோ அப்படிப் போயின. மைக் இருக்கிறதே என்று சண்டை போட்டிருக்கிறேன். "மைக்கு சத்தத்தத்தான் கூட்டும்" என்பார்.

காது மந்தமானபோது பயந்துபோனார். இனி நாடகம் இல்லை என்று ஒரு சீசன் முழுக்கச் சும்மா இருந்தார். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட்டு, "நீங்க அங்கன நில்லுங்க. ஒங்க கைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கடைசி நாடகத்தை எழுதி முடித்தார். அருவிக்கரைக்குக் கொண்டுபோகத்தான் அவர் இல்லை. அவர் எழுதியதில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது, அதுதான் மரியாதை என்றார்கள் குழுவில். அப்படிப் போட்டால் அது அவர் நாடகமே இல்லை என்றேன் நான். பேச்சு முற்றி, இந்த வருஷம் நாடகமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போயிற்று. முடிவைச் சாரின் மனைவி மைமூன் அக்காவிடமே விடலாம் என்று போனோம். கணவன் இறந்தபின் வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் அக்கா இருந்ததால் ஆண்கள் வாசலிலேயே நின்றார்கள். நான் மட்டும் உள்ளே போனேன்.

"தொடாம வைக்கணும்னா புஸ்தகமாப் போடுங்க" என்றார் அக்கா. "நாடகமாப் போடணும்னா அங்கன போயி நின்னு கேளுங்க."

போனோம். வளைகுடாவிலிருந்து திரும்பிய கணவனாக நடிக்கும் கணேசன் அக்கரையில் நின்று வசனங்களைச் சொல்லச் சொல்ல, நான் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு வசனத்தில் மட்டும் அவன் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. தாளில் எனக்கு மிகவும் பிடித்திருந்த வசனம். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. அழுகை வந்தது. கையைத் தூக்கவில்லை. கணேசன் அந்த வசனத்தைப் பேனாவால் அடித்துவிட்டான்.

மறுநாள் அக்காவிடம் அந்த வசனத்தைச் சொன்னேன். "இத்தன வருசமும் ஒங் கொரல மட்டும் வச்சித்தான் நான் அங்கன குடும்பம் நடத்துனேன்."

"போவட்டும் டீச்சர். அது எனக்குள்ளது. எனக்குக் கேட்டுட்டு" என்றார் அக்கா.

சாகுல் சார் செய்த நாடகம் இந்த சீசனில் மேடையேறுகிறது. நோட்டீஸில் அவர் சொன்ன சொல்லைத்தான் போட்டிருக்கிறோம். அவர் நின்ற இடத்தை நான் வைத்துக்கொண்டேன்; அந்த வசனத்தை அக்கா வைத்துக்கொண்டார்.