நூறில் அளக்க வேண்டியது

சூசை சித்தப்பா, நீங்கள் போய் முப்பது நாள் ஆகிறது. இன்று காலை உங்களுக்காகப் பூசை வைத்தோம். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐ.டி.ஐ. முடித்து ஊரிலிருந்து வந்த நீங்கள், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு ஹாலில்தான் படுப்பீர்கள். ஸ்டெபிலைசருக்கு டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் பட்டறையில் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற வேலை. கிறிஸ்துமஸ் வரை தவறில்லாமல் செய்தால் நிரந்தரம் என்று மாலிக், அதாவது பட்டறை முதலாளி, சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் முப்பது டிரான்ஸ்ஃபார்மரையும் மீட்டரையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினீர்கள்.

சுருளின் இண்டக்டன்ஸை எண்ணாகக் காட்டுகிற மீட்டர் அது. அதில் ஒரு பொத்தான். அழுத்த அழுத்த நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று ஃப்ரீக்வன்சி மாறும். நீங்கள் நூறிலேயே வைத்து அளந்தீர்கள். ஏன் என்று அம்மா கேட்டாள்.

"இது கனத்த இரும்புச் சாமான் மதினி. வீட்டுக் கரண்டுல மெதுவா ஓடுறது. மெதுவாத்தான் அளக்கணும். பத்தாயிரம்லாம் சார்ஜருக்குள்ள இருக்க சின்னச் சுருளுக்கு. நீங்க பேஷண்ட்ட மூணு மாடி ஓடவிட்டா நாடி பாப்பிய?"

"லிஃப்ட் ஓடாத அன்னைக்கு அப்படித்தான் பாக்கோம்," என்றாள் அம்மா. அவள் நர்ஸ்.

பத்து முடிந்தது. பத்தும் சரி. கீழே காய்கறி விற்கிற சப்ஜிவாலா கூவினான். அம்மா உங்களை மட்டர் பட்டாணி வாங்க அனுப்பிவிட்டு அடுக்களைக்குப் போனாள். நான் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எண் மளமளவென்று விழுந்தது. வேடிக்கையாக இருந்தது. திரும்ப நூறுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஹோம்வொர்க்கில் குனிந்துகொண்டேன்.

அடுத்த இருபதும் உங்களுக்குக் குறைவாகவே காட்டின. நீங்கள் பெரிய எண்ணை மட்டும் பார்த்தீர்கள். மூலையில் சின்னதாக இருந்த பத்தாயிரத்தைப் பார்க்கவில்லை. தேறாதவை என்று இருபதிலும் சிவப்பு மை வைத்தீர்கள். "கம்பி சுத்துனவன் தூங்கிட்டான் போல," என்று நீங்கள் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

திங்கட்கிழமை பட்டறையில் அந்த இருபதையும் பிரித்து, செம்புக் கம்பியை உருவிவிட்டார்கள். அணைத்துப் போட்டாலும் கடைசியாக வைத்த ஃப்ரீக்வன்சியிலேயே நிற்கிற மீட்டர் அது. அடுத்த சரக்கை அளக்க எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாலையில் மாலிக் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இரும்புச் சாமானைப் பத்தாயிரத்துல அளந்தா எப்படி பையா தேறும்? இருபதும் நல்ல சரக்கு," என்று ஹிந்தியில் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா கை வெச்சாளா?"

"இல்ல ஜி. அவ புத்தகத்த விட்டு எழுந்திரிக்கவே இல்ல. நான்தான் மாத்தி வெச்சுட்டேன். தப்பு என்னோடது," என்றீர்கள்.

"அச்சா. நாளைக்கு வர வேண்டாம்."

அம்மா கொடுத்த டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். மீட்டரெல்லாம் வைத்து அளக்கிற சித்தப்பாவுக்குப் பொத்தானைத் தொட்டது யார் என்றுகூடத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கேலி வேறு. நீங்கள் அதற்குப் பிறகு ஏ.சி. மாட்டுகிற வேலைக்குப் போனீர்கள். மீட்டர் பிடிக்கிற வேலை கடைசிவரை கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. வீட்டுல வேற யாரு இருந்தா? 'பிள்ளகிட்ட கேட்டுராதிய மதினி, பயந்துரும்'னான்."

நான் பயப்படவே இல்லை, சித்தப்பா. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். எந்தப் பயம் எனக்கு வரக்கூடாது என்று நீங்கள் வேலையை விட்டீர்களோ, அந்தப் பயம் என்னிடம் இல்லவே இல்லை. அது உங்களுக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, சூசை என்று பெயர் சொல்லி, அவருக்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.