நேர்ந்து விட்ட சேவல்

கொல்லையில் வளரும் இரண்டு இளஞ்சேவல்களில் ஒன்று இன்று முதல்முறையாக, உடைந்த குரலில் கூவியது. என் கை தானாகக் கன்னத்துத் தழும்புக்குப் போனது.

சிறுவயதில், முதலியார்பேட்டை வீட்டில் எங்கள் செஞ்சேவலும் அப்படித்தான் கூவத் தொடங்கியது. வளர்ந்ததும் கொல்லைக் கழிவறைக்குப் போகும் வழியை மறித்து நிற்கும். அதன் கால்முள்ளுக்குப் பயந்து, அடிவயிறு வலிக்க அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பேன். அது என் முகத்தில் பாய்ந்த அன்றும் அம்மா துடைப்பத்தை ஓங்கவில்லை.

"உன் காய்ச்சலுக்குத்தான்டா முனீஸ்வரனுக்கு நேர்ந்து விட்டிருக்கு. அடிக்கக்கூடாது."

இன்று மனைவியிடம் சொன்னேன்: "ரெண்டையும் யாருக்காவது குடுத்துடலாம்."

"வெள்ளையைக் குடுங்க. செவப்பு ஆடி வரைக்கும் இருக்கட்டும். பாப்பா காய்ச்சலுக்கு நேர்ந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். மகள் கொல்லைக் கதவுக்குப் பின்னால், சிவப்புச் சேவலைப் பார்த்தபடி கால்களை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.