எட்டுப் பேரின் பாதிச் சம்பளம்

திருபுவனையில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தது பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. எந்திரங்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி ஒரே மாதத்தில் மூடிவிட்டார்கள். வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்வந்தது எட்டுப் பெண்கள். விடியற்காலை ஐந்தேகாலுக்கு சர்ச் முனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச்சேர எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வேன் இருந்தால்தான் வேலை.

எட்டுப் பேரில் நான்தான் மூத்தவள். அதனால் எதற்கும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். எனக்கோ நாலு பேர் எதிரில் பேச்சே வராது. கடைசி நாள் கணக்கு முடித்துக் கொடுத்தபோது ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளை நீட்டி, "இங்க ஒரு சைன்" என்றார்கள். அது என்ன தாள் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. போட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் ஏழு பேரும் போட்டார்கள். போனஸ் தாளோ சீருடை வாங்கிய தாளோ எதுவானாலும், அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று என் கையெழுத்துக்குக் கீழே போட்டுவிடுவது எங்கள் பழக்கம்.

ஒரு மாதம் கழித்து எங்கள் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் காப்பீட்டுக்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள். மருந்து மாத்திரைக்காக என்று நினைத்திருந்தோம். வேலை போனவர்களுக்கு அதிலிருந்து மூன்று மாதம் பாதிச் சம்பளம் கொடுப்பார்களாம். அவருக்கும் வேலை போயிருந்தது. அவர் மனுப் போட்டுவிட்டார்.

எட்டுப் பேரும் பஸ் ஏறிப் புதுச்சேரியில் இருக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். கூட்டமாக உள்ளே வரக் கூடாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். "நீ போக்கா" என்று எல்லாருடைய தாள்களையும் என் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

உள்ளே பெஞ்சில் காத்திருந்தபோது என் போன் அடித்தது. திருபுவனையில் ஆள் சேர்த்துவிடும் காண்ட்ராக்டர்.

"யக்கோவ், அட்டைப்பெட்டி கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. திங்கக்கெழம வந்துடு."

"வண்டி?"

"ஆறு பேருக்குக் கொறையாம வந்தா வண்டி வுடுவேன். உன் ஒருத்திக்காக வேன் வுட முடியுமா? ஒங்க கும்பலக் கூட்டியா. ஞாயித்துக்கெழம கேப்பேன்."

எனக்கு நாற்பத்தொன்பது வயது. இந்த வயதில் கம்பெனிக்காரர்கள் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் கையைப் பார்க்கிறார்கள். மூன்று மாதம் கழித்து யார் என்னைச் சேர்ப்பார்கள்? என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்ததிலிருந்து கொத்து வேலைக்கு வாரத்தில் மூன்று நாள் போனாலே பெரிது. இந்த வேலையை விடக் கூடாது என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன்.

என் முறை வந்தது. மேசையில் இருந்த அதிகாரி அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எட்டு பேரும் நீங்களே வேலைய வுட்டு நின்னதா எழுதிக் குடுத்திருக்கீங்களே? இது ஒங்க கையெழுத்துதான?"

என் கையெழுத்துதான்.

"தானா நின்னா கெடையாதும்மா. கம்பெனி மூடுனதால நின்னாங்கன்னு அவங்க ஒரு லெட்டர் குடுத்தா நான் பார்த்துக்கறேன். ஆளுக்கு ஒண்ணு வாங்கியாங்க."

வெளியே வந்தேன். மரத்தடியில் வெள்ளரிக்காய் வாங்கிப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். எங்களில் வாய் நீளமானவள் தெருக்கோடி வீட்டுக்காரி. "இன்னாக்கா, பணத்த இன்னிக்கே எண்ணிக் குடுக்கறாங்களா?" என்று சிரித்தாள்.

"நம்மளே வேலைய வுட்டு நின்னதா எழுதியிருக்காம். கெடைக்காதாம்" என்றேன்.

கடிதம் வாங்கி வந்தால் கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த மூச்சிலேயே அட்டைப்பெட்டி கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கம்பெனியைத் திட்டினார்கள். பிறகு, "அப்ப வேற வழி? திங்கக்கெழம போலாம்" என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். எட்டுப் பேரும் வருவதாக ஆயிற்று.

நான் செய்ததற்கு எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். சும்மா உட்கார வைத்துப் பணம் கொடுத்தால் மனிதர்கள் கெட்டுப்போவார்கள், மூன்று மாதம் சீரியல் பார்த்துப் பழகினால் அப்புறம் இவர்களுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வராது, இவர்கள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். டிவியில் ஒருவர் இதையே பேசிக் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தது எங்களில் பேசவே பேசாத ஒருத்தி. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் படுகிற பாடு வேனில் வந்த எங்களுக்குத் தெரியும். எடுத்துவிடச் சொல்லி இரண்டு வருடமாக டாக்டர் சொல்கிறார். ஒரு வாரத்துக்கு மேல் லீவு போட்டால் இடம் போய்விடும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

"மூணு மாசம் கெடச்சா ஆப்பரேஷன் பண்ணினு ரெஸ்ட் எடுக்கலாம்னு நெனச்சேங்க்கா" என்றாள். "வுடு. வயசானா தானா சுருங்கிடும்னு சொல்றாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வூடு தேடி வர்ற வேலைய நீயே கெடுத்துக்கப் போறியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போறதுன்னா காலைலயே போ, மத்தியானம் ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டாங்க" என்றார்.

கம்பெனியில் எந்திரங்கள் போய்விட்டன. ஆபீஸ் அறையில் மட்டும் கணக்கு முடிப்பதற்காக மேனேஜர் இருந்தார். ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் நேரில் பேசியதில்லை. விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன்.

"எங்கயாவது சேர்ந்துடுவீங்க. இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அவர். "சும்மா உக்காரச் சொல்லிப் பணம் குடுத்தா ஊர்ல ஒருத்தரும் வேலைக்கு வர மாட்டீங்க."

இரண்டு நாளாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு. நாங்கள் வேலைக்கு வரவில்லை என்றால் நஷ்டம் யாருக்கோ, அவர்கள் பேசுகிற பேச்சு இது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அந்த வேனில் ஆள் குறைந்தால் நஷ்டம் எனக்கு. அதனால்தான் நானும் பேசினேன்.

"எட்டு லெட்டர் வேணும் சார்" என்றேன்.

"ஒங்களுக்குக் குடுத்தா மத்தவங்களும் வந்து நிப்பாங்க."

"வருவாங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் பார்க்கலாம், வெளியே உட்காருங்கள் என்றார். கூச்சப்படுகிறவர்களுக்குப் பேச வராதே தவிர, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் உட்கார்ந்திருக்க வரும். கதவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். அவர் தலை நிமிரும்போதெல்லாம் நான் கண்ணில் பட்டேன். ஒரு மணிக்குக் கூப்பிட்டு எட்டுக் கடிதமும் முத்திரையோடு கொடுத்தார். "இன்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க சார்" என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார். ஆனால் படித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் எல்லாரையும் நிறுத்திக் கடிதங்களைக் கொடுத்தேன். அலுவலகத்தில் அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"எப்ப சொன்னாங்க?" என்று கேட்டாள் தெருக்கோடி வீட்டுக்காரி.

"அன்னிக்கே."

"அப்ப அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்களுக்கு வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிட்டு, உள்ள போயி எல்லாத்தையும் முடிச்சினு வந்தியே! நல்ல அக்காதான் போ."

வெள்ளரிக்காய் வாங்கியது அவள்தான். அதைச் சொல்லுகிற இடத்தில் நான் இல்லை. கட்டி இருந்தவள் கடிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள்.

ஐந்து பேர் பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறோம் என்றார்கள். என்னோடு சேர்த்து மூன்று பேர் வேலைக்குப் போகலாம் என்றோம். சாயங்காலம் காண்ட்ராக்டர் கேட்டார். "மூணு பேரு" என்றேன். "அப்ப வண்டி வராது" என்று வைத்துவிட்டார். கண்டமங்கலத்திலிருந்து ஆள் எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பணம் எட்டுப் பேருக்கும் வந்தது. மூன்று மாதமும் மொத்தமாக, தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வரும் என்று தெரிந்ததால் அரிசிக்கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். கட்டி இருந்தவளுக்கு ஆப்பரேஷன் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். இன்னொருத்தியின் வீட்டுக்காரர், "உனுக்குத்தான் வருதே" என்று வேலைக்குப் போவதை நிறுத்தினார். மூன்று மாதம் முடிந்த பிறகும் அவர் போகவில்லை. நானும் முதல் மாதம் முழுக்க வேலை தேடவில்லை. ஏழு மணிக்கு எழுந்தேன். ஒன்பது வருடத் தூக்கம் பாக்கி இருந்ததுபோல் தூங்கினேன். மூன்றாம் மாதம்தான் வில்லியனூரில் ஒரு நர்சரியில் செடிப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஒன்பது மணிக்குப் போனால் போதும், சாதாரண பஸ்ஸிலேயே போகலாம்.

அந்தப் பணம் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எந்த வீட்டில் என்று திருப்பிக் கேட்பேன். வேறு பதில் எனக்குத் தெரியாது.

தெருக்கோடி வீட்டுக்காரியும் இப்போது அதே நர்சரிக்குத்தான் வருகிறாள். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். சேர்ந்த அன்று முதலாளியிடம் அவளே நேராகப் போய் சம்பளம், லீவு எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். நான் ஏற்கெனவே சொல்லியிருந்ததைத்தான் அவரும் சொல்லியிருப்பார். "அவுரு வாயால கேட்டுக்கிட்டேங்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மண்ணை அள்ளிப் பையில் போட ஆரம்பித்தாள்.