வண்டியைத் திருப்பி நிறுத்து

மகன் வாங்கிய புதுக் காரின் முகவிளக்குகளுக்கு, ஆயுதபூஜையன்று சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தடியில் வைக்க எடுத்த எலுமிச்சை கையில் மணந்தது. அந்த மணத்தோடு அம்மா வந்துவிட்டாள்.

எண்பதுகளில் சமயநல்லூரில் அப்பா அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். ஓர் ஆயுதபூஜையன்று அம்மா இதேபோல் சந்தனம் வைத்துவிட்டு, விலகி நின்று பார்த்தாள்.

"ஏங்க, வண்டி இடப்பக்கம் தாந்து நிக்குது."

"தரை பள்ளமா இருக்கும். நாளைக்குக் கல்யாணச் சவாரி. சீக்கிரம் சூடத்தக் காட்டு."

"அப்பத் திருப்பி நிறுத்துங்க. பள்ளம்னா திருப்பினதும் வலப்பக்கம்ல தாழணும்."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே திருப்பி நிறுத்தினார். அப்போதும் இடப்பக்கம்தான் தாழ்ந்திருந்தது. அப்பா கூட்டிவந்த மெக்கானிக், மாலை போட்ட வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியின் போல்ட்டு பாதி கழன்றிருந்தது. அவர் அதை முடுக்கி வண்டியை நிமிர்த்திய பிறகு, அப்பாவே சூடம் ஏற்றினார். வண்டிக்குக் காட்டிவிட்டு, அம்மாவுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதன்பிறகு வருடாவருடம் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் பூஜை. அதைச் சாங்கியம் என்று நினைத்து, தெருவில் டிராக்டர் வைத்திருந்தவர்களும் திருப்பி நிறுத்தத் தொடங்கினார்கள். அம்மா யாரையும் திருத்தவில்லை.

மகன் தீப்பெட்டியை எடுத்தான்.

"இருடா. வண்டியத் திருப்பி நிறுத்து."

"எதுக்கும்மா? எதுவும் சாங்கியமா?"

"ஆமா. ஒங்க அம்மாச்சி வச்ச சாங்கியம்."