வெயில் படாத இடம்

காலை வழிபாட்டு மணி அடித்ததும் ஜெயம் டீச்சர் முதலில் பார்ப்பது பிள்ளைகளை அல்ல, நிழலை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கேதான் மூன்றாம் வகுப்பு நிற்க வேண்டும். நிழல் நகர்ந்தால் வரிசையும் நகரும். "தள்ளுடா ராஜா. ஒரு தோளு வெயில்ல நிக்குது பாரு." பாட்டு முடிவதற்குள் வகுப்பு நண்டு போலப் பக்கவாட்டில் இரண்டடி போயிருக்கும்.

வீராம்பட்டினத்துத் தொடக்கப் பள்ளியில் அவருக்குக் குடை டீச்சர் என்று பெயர். முதலியார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். டிபன் பாக்ஸ் கழுவக் குழாயடிக்குப் போகவும் குடை விரிப்பார். வெளியே மணலில் கருவாடு காயவைக்கும் பெண்கள் விடுவதில்லை. "இன்னா டீச்சரே, கரைஞ்சா பூடுவீங்க?"

"எனக்கே தெரியல போங்க" என்பார். அது மழுப்பல் இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

2006ஆம் ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிக்கு ஒருவராக ஆசிரியர்களை அழைத்து, வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காப்பது பற்றியும் தோல் புற்றுநோய் பற்றியும் பயிற்சி கொடுத்தது. கையில் நாற்பது தொப்பியும் ஒரு சுவர்ப்படமும் தந்து அனுப்பியது. படம் பிரான்சில் அச்சானது. அதன் பிரெஞ்சு வரிகளைத் தலைமை ஆசிரியர் கோவிந்தசாமிதான் வாசித்துச் சொன்னார். கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தக்காளியாகச் சிவந்து நிற்கிறான்.

படத்தை மாட்டிய அன்றே ராஜா கேட்டான். "நாங்க எப்ப டீச்சர் செவப்போம்?"

"நாம செவக்க மாட்டோம்டா. கருப்போம்."

"இதுக்கு மேலயா?" என்றாள் கலைவாணி, கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

டீச்சரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவருடைய கணவர் செல்வகுமாரும் சிவந்ததில்லை. மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்தவர், பகலெல்லாம் தெருவில். முகத்துக்கும் முதுகுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது உள்ளங்காலில்தான் ஒரு கருப்புப் புள்ளி வந்தது. கால் ஆணி என்று இருவருமே முடிவு செய்தார்கள். ஞாயிறுதோறும் வெந்நீரில் ஊறவைத்து பிளேடால் சீவிவிட்டவர் டீச்சர்தான். "நல்லா சீவு ஜெயம், அடுத்த வாரம் ஓடிக் காட்றேன்." ஒன்றரை வருஷம் சீவினார். மருத்துவமனைக்குப் போனபோது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள். அந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை.

பயிற்சியில் டீச்சர் எழுந்து கேட்டிருக்கிறார். "வெயிலே படாத எடத்துல எப்படி சார் வந்துச்சி?"

பயிற்சி கொடுக்க வந்திருந்த தோல் மருத்துவர் கலீலுல்லா சொன்னார். "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது உள்ளங்கால்லயும் நகத்தடியிலயும்தாம்மா பெரும்பாலும் வருது. வெயிலால வர்றதில்ல. எதனாலன்னு எங்களுக்கும் முழுசா தெரியாது."

"அப்ப தொப்பி எதுக்கு சார்?"

"வெயிலுக்குத்தான். மயக்கம் வரும், கண்ணு கெடும், தோலும் கெடும். போடுறது நல்லதுதாம்மா."

டீச்சர் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்றோடொன்று இன்னும் ஒட்டவில்லை. குடை பிடித்திருந்தாலும் கணவர் பிழைத்திருக்க மாட்டார். அது தெரிந்தும் காலையில் கை தானாகக் குடையை எடுக்கிறது.

நிறுவனத்தார் பார்வையிட வந்த நாளில் கோவிந்தசாமி முன்கூட்டியே சொல்லிவைத்தார். "படத்துல இருக்கறத மட்டும் சொல்லும்மா. கால கீல காட்டி புள்ளைங்கள பயமுறுத்தாத."

டீச்சர் தலையாட்டினார். எல்லாருக்கும் தொப்பி மாட்டினார், உச்சி வெயிலில் ஆடக்கூடாது என்று பிள்ளைகளைச் சொல்லவைத்தார். விருந்தினர் கைதட்டினார்கள். அதோடு முடித்திருக்கலாம்.

"எல்லாரும் உக்காருங்க. கால நீட்டுங்க."

முக்கால்வாசிப் பேருக்குச் செருப்பு கிடையாது. நாற்பது பேரின் உள்ளங்கால்கள் மணலோடு வரிசையாக அவரைப் பார்த்தன. கோவிந்தசாமி இருமினார். டீச்சர் தரையில் உட்கார்ந்து ராஜாவின் காலைத் தூக்கி மடியில் வைத்தார்.

"ஐயோ, கூசுது டீச்சர்!"

மணலைத் தட்டியதும் குதிகாலில் மிளகளவு கருப்பு. அவர் விரல் அங்கேயே நின்றது. முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துணியில் ஏறியது.

"தாரு டீச்சர். புது ரோட்டு தாரு" என்றான் ராஜா.

"தாருதான்" என்றார் டீச்சர். சுத்தமாகிவிட்ட அந்தக் குதிகாலைக் கீழே விடாமல், அதே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.