கதவைத் தட்டாதவர்

அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மென்டில் குழாய் பழுது பார்க்க வருகிறவர் பர்மா அகதி. ஒல்லி உடம்பு, எப்போதும் வாசலையே பார்க்கும் கண்கள். மலேசியாவில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் பல வருஷம் வேலை செய்ததால் தமிழ் பேசுவார். அவர் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. வெளியே நின்று, "அக்கா, நான்தான்" என்று குரல் கொடுப்பார்.

ஒருமுறை காரணம் கேட்டேன்.

"மலேசியாவுல விடியக்காலையில போலீஸ் வந்து கதவைத் தட்டுனாங்க. அண்ணனைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரவே இல்லக்கா. இப்ப இங்கயும் ஆளைப் பிடிக்கிறாங்களாமே?"

"உங்ககிட்டதான் கிரீன் கார்டு இருக்கே!"

"அண்ணன்கிட்டயும் ஐ.நா. குடுத்த அகதி கார்டு இருந்துச்சுக்கா."

அவர் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். நான் அலமாரியைத் திறந்து எங்கள் நாலு பேர் பாஸ்போர்ட்டையும் எடுத்தேன். அன்றிலிருந்து, பால் வாங்கப் போனாலும் அவை என் கைப்பையில்தான் இருக்கின்றன.