புட்டு அவித்த குசினியில் ஒரு துளி

துளி விழுவதைப் படம் பிடிக்க ஸ்டூடியோ தேவையில்லை. ஒரு தட்டில் தண்ணீர், ஊசியால் துளைத்த பொலித்தீன் பை, ஒரு பிளாஷ், கொஞ்சம் இருட்டு. எல்லாமே லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் குசினியில் இருந்தன. கமராதான் என்னுடையதில்லை.

அது அப்பாவுடையது. முன் ஹோலில், கண்ணாடி அலுமாரிக்குள், யாரும் தேநீர் குடிக்காத பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு மாதிரி விசேஷம் என்றால் வெளியே வரும். ஆட்கள் இல்லாத படத்துக்கு பிலிம் செலவழிப்பது அப்பாவின் கணக்கில் பைத்தியம். கிங்ஸ்பரியில் இருந்த மாமியின் மகன் கலியாண வீடுகளில் படமெடுக்கத் தொடங்கியிருந்தார். மச்சானுக்கும் அந்தக் கமராவில் ஒரு கண்.

"இந்த ரோலிலை ஒரு படமாவது ஒழுங்கா வந்தா கமரா உனக்கு. இல்லாட்டி மச்சானுக்கு," என்றார் அப்பா, நான் கமராவைக் கேட்டபோது ஒரு பிலிம் ரோலை நீட்டி.

படமெடுப்பது பற்றி நூலகப் புத்தகம் ஒன்றை வாசித்து முடித்த திமிரில் உடனே சம்மதித்தேன்.

மார்கழி மாதம், பின்னேரமே இருட்டிவிடும். பையைக் குசினி அலுமாரிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். துளி விழும் இடத்தில் பென்சிலைப் பிடித்து போக்கஸ் பண்ணி, பென்சிலை எடுத்துவிட்டு லைட்டை அணைத்தேன். இனிக் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். சொட்டுகளின் தாளம் பிடிபட்டதும், அடுத்த சொட்டுக்கு முன்னால் விரலை அமத்த வேண்டும்.

அப்பா இரவு ஷிப்டுக்குப் போக முன்னர் சாப்பிட வேண்டும் என்று அம்மா அதே குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. "லண்டனிலை இருட்டுக்குள்ளை புட்டு அவிக்கிற ஒரே பொம்பிளை நான்தான்," என்று முணுமுணுத்தாலும் லைட்டைப் போடவில்லை. ரோல் முழுவதையும் முடித்தேன்.

கழுவி வந்த படங்களில் துளியே இல்லை. எல்லாம் பனிமூட்டம் மாதிரி வெள்ளைப் புகார். ஒவ்வொன்றின் மூலையிலும் மங்கல் படம் என்று கடைக்காரர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அப்பா கிங்ஸ்பரிக்கு போன் எடுத்தார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாராம் மச்சான்.

வெள்ளிக்கிழமை கல்லூரியால் வந்து, குளிரோடு நேரே குசினிக்குள் நுழைந்தேன். அம்மா புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை அப்போதுதான் இறக்கியிருந்தா. என் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டது. அதே வெள்ளை.

வெளியாட்கள் வந்தால் மட்டும் ஹீட்டர் போடும் ஹோலில், ஐஸ்கட்டி போலக் கிடந்த கமராவை எடுத்துவந்து புட்டு ஆவிக்குள் வைத்திருக்கிறேன். லென்ஸ் வேறென்ன செய்யும்?

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பிழை என்னுடையதில்லை, ஹோலுடையது என்றேன்.

"அப்ப உன்ரை தண்ணித் துளிக்கு நான் ஹோலிலை ஹீட்டர் போடோணுமோ?"

"வேண்டாம். கமரா இனி அங்கை இராது."

சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவர் பேப்பரை விரித்தார்.

சனிக்கிழமை மச்சான் வந்தபோது கமரா என் ஸ்வெற்றருக்குள் இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான், சூடாக. மச்சான் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"மச்சாள், தாரும். தண்ணியைப் படமெடுத்து ஆர் அல்பத்திலை ஒட்டப் போறீர்?"

"ஏலாது."

"மாமா தாறன் எண்டவர்."

"மாமாட்டைக் கேளுங்கோ. என்னட்டைக் கேட்டா ஏலாது எண்டுதான் சொல்லுவன்."

அம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தா. அப்பா என் ஸ்வெற்றரையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். "வாற கிழமை வா, தம்பி," என்றார். "உது குமர்ப் பொம்பிளைப்பிள்ளையின்ரை சட்டைக்குள்ளை கிடக்கு. நான் கை விட்டு எடுக்கேலுமே?"

மச்சானுக்குத் தேநீர் புரையேறியது.

அவர் போனதும் புது ரோல் போட்டேன். அம்மா அன்று அடுப்பை மூட்டவில்லை, எல்லாருக்கும் கடைப் பாணும் சம்பலும்தான்.

அடுத்த கிழமை அந்தப் படங்கள் வந்தன. பெரும்பாலானவை வெறும் தட்டு. ஒன்றில் மட்டும் துளி தண்ணீரைத் தொட்டு, ஒரு மெல்லிய தண்டு மேலே எழும்பி, அதன் நுனியில் குண்டூசித் தலை அளவில் ஒரு மணி நின்றது. விளிம்பு கத்தி மாதிரிக் கூர்மை. ஸ்டிக்கர் இல்லை.

அப்பா அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆனால் கமரா யாருக்கு என்ற அவர் முடிவுக்காக நான் காத்திருக்கவில்லை. கமராவை அதற்கு முன்பே என் அறைக்குக் கொண்டுபோய், என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.